இருட்டில் வைத்த வாளி

குத்தாலம்
5.7.2025

மரியாதைக்குரிய மாப்பிள்ளை தமிழரசன் அவர்களுக்கு,

நாகநாதன் எழுதுகிறேன். இங்கே நானும் வீட்டாரும் சுகம். அங்கே நீங்களும் என் தங்கச்சி ஆனந்தவல்லியும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அவளுடைய தலைசுற்றல் இப்போது எப்படி இருக்கிறது?

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்க வேண்டாம். என் புதுமனைப் புகுவிழாவில் இலை போட்ட பிறகு, வெயில் பட்டால் சாயம் எப்படி உடையும் என்று பந்திக்கே அரைமணி நேரம் பாடம் எடுத்தீர்கள். சாம்பார் ஆறிப்போகிறதே என்று, "வாத்தியாரே, மணி அடிச்சிடலாமா" என்று கேட்டேன். நீங்கள் சாப்பிடாமல் கார் ஏறிப் போனீர்கள். இனி உங்களோடு போனில் பேசுவதில்லை என்று அன்று சொன்னவன் நான். எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. வந்த தண்ணீர் சிவப்பு. ரெமிஜியஸ் சாயப்பட்டறையில் நூல் முக்கியெடுத்த கழிவு வாய்க்காலில் இறங்கி, கடைமடையில் இருக்கிற ஆனந்தவல்லியின் மூன்று மா நிலத்தில்தான் கடைசியாகப் போய்த் தங்குகிறது. கல்யாணத்தில் அப்பா அவள் பேருக்கு எழுதிக் கொடுத்த நிலம். பயிர்வைப்பது நான். குறுவைக்கு விட்ட நாற்றங்கால் நுனி கருகி நிற்கிறது. சம்பாவும் இப்படியே போனால் அந்த மண்ணில் அப்புறம் கோரை கூட முளைக்காது.

மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் பட்டறைக்கு நவம்பர் வரை கெடு. கழிவைச் சுத்தம் செய்ய வழி காட்டாவிட்டால் சீல் வைத்துவிடுவார்கள். மூடுவதில் எனக்கு இஷ்டமில்லை, முப்பது குடும்பம் பிழைக்கிறது. அன்று பந்தியில் நீங்கள் சொன்ன உங்கள் பொடியைப் போட்டால் சாயம் உடைந்துவிடும் என்று ரெமிஜியஸ் நம்புகிறார். நம்புகிறவரை நான் தடுப்பதில்லை. கொஞ்சம் அனுப்பினால் போட்டுப் பார்க்கிறேன். ஆனந்தவல்லியும் பள்ளிக்கூடத்தில் வேதியியல்தான் நடத்துகிறாள். அவள் ஒருநாளும் பந்தியில் பாடம் எடுத்ததில்லை.

இப்படிக்கு,
நாகநாதன்

*

தஞ்சாவூர்
14.7.2025

மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். ஆனந்தவல்லியின் தலைசுற்றல் கண்ணாடி மாற்றியதும் சரியாகிவிட்டது. உங்கள் சர்க்கரை எப்படி இருக்கிறது? அன்று பந்தியில் நீங்கள் இரண்டாவது ஜாங்கிரி எடுத்ததைப் பாடத்துக்கு நடுவிலும் கவனித்தேன்.

பொடி என்று எழுதியிருக்கிறீர்கள். பொடி என்பது இட்லிக்குத் தொட்டுக்கொள்வது. இதன் பெயர் ஒளிவினையூக்கி. வெளிச்சத்தை வாங்கிக்கொண்டு சாயத்தை உடைத்து, தான் தீராமல் அப்படியே இருக்கும். வெள்ளைப் பெயின்டில் சேர்க்கிற டைட்டானியம் ஆக்சைடைத்தான் உலகமெங்கும் இதற்கு வைத்துக்கொண்டு மாரடிக்கிறார்கள். அது புற ஊதா விளக்கின் கீழ் நன்றாக வேலை செய்யும், சாதாரண வெயிலில் சோம்பேறி. நான் அதில் உமிக்கரியைக் கலந்து உலையில் சுட்டு மேம்படுத்தியிருக்கிறேன். ஒரு மணி நேர வெயிலில் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பங்கு நிறம் போய்விடுகிறது. கட்டுரை வெளிவந்துவிட்டது. ஆங்கிலத்தில் இருப்பதால் உங்களுக்கு அனுப்பவில்லை.

என் ஆய்வு மாணவி கனிமொழி ஒரு கிலோ கட்டிக் கொடுத்திருக்கிறாள், கூரியரில் வரும். பத்து லிட்டர் தண்ணீருக்கு ஒரு கைப்பிடி. வெயிலில் வைத்து அவ்வப்போது கலக்க வேண்டும். கலக்குவது உங்களுக்குக் கைவந்த கலை. ஆராய்ச்சி எதுவும் செய்ய முயல வேண்டாம். வயலை நீங்கள் பாருங்கள், வேதியியலை நான் பார்த்துக்கொள்கிறேன்.

வீட்டில் அனைவரையும் கேட்டதாகச் சொல்லவும்.

தமிழரசன்

*

குத்தாலம்
4.8.2025

மாப்பிள்ளை அவர்களுக்கு,

நலம். நலமறிய ஆவல். நேற்று ஆடிப்பெருக்கு. படித்துறையில் எல்லோரும் சித்ரான்னம் சாப்பிட்டோம். ஆனந்தவல்லி வருவாள் என்று பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் ஏதோ வேலை என்று சொன்னாளாம்.

பொடி வந்து சேர்ந்தது. மன்னிக்கவும், ஒளிவினையூக்கி. வாய்க்கால் தண்ணீரை இரண்டு வாளியில் மொண்டு, வாளிக்கொரு கைப்பிடி போட்டு, இரண்டையும் வெயிலில் வைக்கச் சொல்லி மருதையனிடம் கொடுத்தேன். என் வயலில் வேலை பார்க்கிறவன், நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு வாளியை வெயிலில் வைத்தான். மாடு வந்து வாய் வைத்துவிடும் என்று இன்னொன்றை மோட்டார் கொட்டகைக்குள் வைத்துப் பூட்டினான். அப்படியே மயிலாடுதுறையில் ஒரு சாவுக்குப் போய்விட்டான், சாவி அவன் இடுப்பில்.

வெயிலில் வைத்த வாளி ஒரு மணி நேரத்தில் தெளிந்தது. உள்ளதைச் சொல்ல வேண்டும், அழகாகத் தெளிந்தது. மறுநாள் மருதையன் வந்து கொட்டகையைத் திறந்தால், அந்த வாளியும் தெளிந்து கிடக்கிறது. கொட்டகைக்கு ஜன்னல் கிடையாது. கதவைச் சாத்தினால் சுவிட்சைத் தடவித்தான் தேட வேண்டும். ஏதோ தப்பு என்று மறுபடி ஒருமுறை நானே வைத்தேன், கடிகாரத்தைப் பார்த்து ஒரு மணி நேரம். இருட்டிலும் அதே கதை.

வெயிலே வேண்டாத சரக்கைச் செய்துவிட்டு, வெயில் வேண்டும் என்று புத்தகத்தில் எழுதிவைத்திருக்கிறீர்களே. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இங்கே சுரைக்காயே வேறு காயாக இருக்கிறது. காரணம் என்னவென்று எழுதவும். தெரியாவிட்டால் தங்கச்சியிடம் கேட்டாவது எழுதவும்.

நாகநாதன்

*

குத்தாலம்
26.8.2025

மாப்பிள்ளை அவர்களுக்கு,

இங்கே சுகம். மூன்று வாரமாகப் பதில் இல்லாததால் அங்கே சுகமா என்று தெரியவில்லை.

புதுச் சேதி ஒன்று. தெளிந்த தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டு, அடியில் தங்கிய பொடியோடு வாளியைக் கழுவ மருதையன் சலவைச் சோடா கரைத்து ஊற்றினான். ஊற்றியதும் வாளி நிறையச் சிவப்பு. போன சாயம் அத்தனையும் திரும்பி வந்து நிற்கிறது. மருதையன் என்னைக் கூப்பிட்டு, "இது சாயத்தத் திங்கலீங்க, வாயில அடக்கி வச்சிருந்திருக்கு" என்றான். எட்டாவது வரை படித்தவன்.

மாப்பிள்ளை, உமிக்கரி நிறத்தையும் நாற்றத்தையும் பிடித்துக்கொள்ளும் என்பது இங்கே பல் தேய்க்கிற பிள்ளைக்கும் தெரியும். அதைப் பெயின்டில் கலந்து சுட்டு, ஒளி என்றும் வினை என்றும் பெயர் வைத்துவிட்டீர்கள். உங்கள் சரக்கு சாயத்தை உடைக்கவில்லை, ஒளித்து வைக்கிறது. தொட்டியில் தங்கிய பொடியை ரெமிஜியஸ் என்றைக்காவது வெளியே கொட்டத்தான் வேண்டும். அது மறுபடி வாய்க்காலுக்கு வரும், வாய்க்கால் தங்கச்சி வயலுக்குப் போகும்.

ஒரே ஒரு கேள்வி. நீங்கள் உங்கள் ஆய்வுக்கூடத்தில் இருட்டில் வைத்துப் பார்த்தீர்களா, இல்லையா? ஆமாம், இல்லை, இரண்டில் ஒரு வார்த்தை எழுதினால் போதும்.

நாகநாதன்

*

தஞ்சாவூர்
15.9.2025

மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். இருவரும் நலம். செமஸ்டர் விடைத்தாள்கள், ஆய்வுக்குழு வருகை, துறைத்தலைவர் பொறுப்புக்கான நேர்காணல் என்று எனக்குச் சில வேலைகள் இருந்தன. வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்க எல்லோருக்கும் அவகாசம் அமைவதில்லை.

வினையூக்கியின் மேற்பரப்பில் சாயம் முதலில் ஒட்டும், பிறகு ஒளி அதை உடைக்கும். ஒட்டுவது முதற்படி. நீங்கள் முதற்படியைப் பார்த்துவிட்டு மாடியே இல்லை என்கிறீர்கள். சலவைச் சோடா, கறுத்துப்போன பிளாஸ்டிக் வாளி, மருதையன் ஆகியவை எந்த ஆய்வு நெறிமுறையிலும் இடம்பெறுவதில்லை. அடிப்படைச் சோதனைகள் அனைத்தும் முறைப்படி நடந்திருக்கின்றன. மூன்று நிபுணர்கள் படித்து ஒப்புக்கொண்ட கட்டுரையைக் குத்தாலத்தில் ஒருவர் மறுக்கிறார் என்று நான் யாரிடம் போய்ச் சொல்வது?

கனிமொழி வேறு தலைப்புக்கு மாறிவிட்டாள். அவளோடு நீங்கள் தொடர்புகொள்ள முயல வேண்டாம்.

பட்டறை விசாரணை நவம்பர் 14 அன்று. நிபுணர் அறிக்கை என்னுடையது. அது போதும்.

தமிழரசன்

*

குத்தாலம்
22.9.2025

மாப்பிள்ளை அவர்களுக்கு,

சுகம் விசாரிக்க நேரமில்லை.

ஆமாமா இல்லையா என்று கேட்டேன். ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள், அதில் ஆமாமும் இல்லை, இல்லையும் இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க இவ்வளவு சோறு எங்கே வாங்கினீர்கள்? பார்த்தவன் பார்த்தேன் என்று ஒரு வரியில் சொல்வான்.

சம்பா நாற்று பறிக்கிற நேரம். தங்கச்சி வயலில் தண்ணீர் கட்டவே கை வரவில்லை. உருப்படியாகச் சாயத்தை உடைக்கிற சரக்கைச் செய்து அனுப்புங்கள். முடியாவிட்டால் முடியவில்லை என்று சொல்லுங்கள். இரண்டும் இல்லையென்றால், நவம்பர் பதினான்காம் தேதி நான் இரண்டு வாளியையும் ஒரு பொட்டலம் சோடாவையும் தூக்கிக்கொண்டு விசாரணைக்கு வருவேன். அதிகாரிகள் மேசையிலேயே கரைத்துக் காட்டுவேன். பேராசிரியர் என்று பெயருக்கு முன்னால் போட்டிருக்கிறீர்களே, அதுவும் அன்றைக்கே அந்த வாளியில் கரைந்துவிடும்.

தங்கச்சி முகத்துக்காக இத்தனை நாள் பொறுத்தேன்.

நாகநாதன்

*

தஞ்சாவூர்
3.10.2025

மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் எச்சரிக்கை கிடைத்தது.

விசாரணைக் கோப்பின் நகலை நிபுணர் என்ற முறையில் எனக்கும் அனுப்பியிருக்கிறார்கள். பட்டறையின் விண்ணப்பத்தோடு சிட்டா நகலும் இருக்கிறது. ரெமிஜியஸ் குத்தகைக்கு எடுத்துப் பட்டறை போட்டிருக்கும் இடம் சர்வே எண் 114/2. பட்டாதாரர் பெயர் நாகநாதன். அந்த ஊரில் வேறொரு நாகநாதனாக இருக்கலாம் என்று முதலில் நினைத்தேன். தகப்பனார் பெயரும் ஒத்துப்போகிறது. குத்தகை ஒன்பது வருடத்துக்கு, அதில் இன்னும் ஏழு பாக்கி. பட்டறைக்கு சீல் வைத்தால் குத்தகையும் போகும் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கடைமடையில் தங்கை நிலம், மேலே அண்ணன் நிலத்தில் சாயப்பட்டறை. நாற்று கருகியதற்காக நீங்கள் இவ்வளவு வருந்தியது என்னை நெகிழவைத்தது.

வாளியோடு வருவதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். நீங்கள் வாளியைப் பற்றிப் பேசினால் நான் சர்வே எண்ணைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும். ஆனந்தவல்லியிடம் இதுவரை எதுவும் சொல்லவில்லை.

தமிழரசன்

*

குத்தாலம்
11.10.2025

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் அன்பு மச்சான் நாகநாதன். இங்கே எல்லோரும் பரம சௌக்கியம். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், படிப்பு படிப்பு என்று கண்ணைக் கெடுத்துக்கொள்கிறீர்கள்.

பழசை எல்லாம் விட்டுவிடுவோம். கோபக்காரன் நான், கோபத்தில் கை எதையாவது எழுதிவிடும். ஆராய்ச்சி என்றால் நாலும் இருக்கும், அதில் என்னைப் போன்றவன் மூக்கை நுழைக்கக் கூடாது. வாளியை மாட்டுக்குத் தண்ணீர் காட்ட மருதையனிடம் கொடுத்துவிட்டேன். அவன்தான், "சாயம் திரும்பி வந்துச்சே, அத ஆபீசர்கிட்ட சொல்லலியாங்க" என்று நச்சரிக்கிறான். வேலையைப் பாருடா என்று அதட்டிவைத்தேன்.

114/2 சும்மா கிடந்த திடல். நெல் விளையாத இடம். ரெமிஜியஸ் கேட்டார், கொடுத்தேன். தங்கச்சியிடம் சொல்லக் கூடாது என்றில்லை, சொல்ல வேளை வரவில்லை. பெண்பிள்ளை மனசு எதையாவது நினைத்துக்கொள்ளும்.

தீபாவளிக்கு இருவரும் அவசியம் வர வேண்டும். அன்று சாப்பிடாமல் போன குறை தீர, என் கையால் பரிமாறுகிறேன். எத்தனை நேரம் வேண்டுமானாலும் பேசுங்கள்.

மாறாத அன்புடன்,
நாகநாதன்

*

தஞ்சாவூர்
15.10.2025

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் பாசமான கடிதம் கண்டு மனம் நிறைந்தது. சர்க்கரைக்குச் சிறுதானியம் நல்லது என்கிறார்கள், இரண்டு கிலோ வாங்கிவைத்திருக்கிறேன், கொண்டுவருகிறேன். ஆனந்தவல்லிக்குக் காய்ச்சல். நான் மட்டும் பத்தொன்பதாம் தேதி வருகிறேன், நான்கு நாள் தங்கலாம்.

அறிக்கை தயார். ஒரு சின்னச் சடங்குதான் மிச்சம். வாய்க்காலில் பட்டறைக்குக் கீழே உள்ள நிலத்தின் உரிமையாளர், தனக்கு ஆட்சேபனை இல்லை என்று கையெழுத்திட வேண்டுமாம். அதாவது ஆனந்தவல்லி. இனி அந்த நிலத்தில் எது வந்து விழுந்தாலும் பட்டறையைக் கேட்க முடியாது என்று ஒரு வரி இருக்கிறது, அதெல்லாம் சம்பிரதாயம். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைப் பென்சிலால் குறித்துச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு வருவேன். நீட்டின இடத்தில் போடுகிறவள்தான். இருபது வருடமாக வங்கித் தாள், வரித் தாள் எதையும் படித்துப் பார்த்துப் போட்டதில்லை.

தீபாவளி அன்று ஆற அமரப் பேசுவோம்.

அன்புடன்,
தமிழரசன்

*

மயிலாடுதுறை
22.10.2025

அண்ணனுக்கும், அங்கே விருந்துக்கு வந்திருக்கிற என் வீட்டுக்காரருக்கும்,

ஆனந்தவல்லி எழுதுவது. ஒரு கடிதம் இருவருக்கும் போதும். நீங்கள் நலமா என்று கேட்கப் போவதில்லை. உங்கள் இருவருக்கும் நலத்தில் ஒரு குறையும் இராது.

எனக்குக் காய்ச்சல் இல்லை. அவர் கிளம்பிப் போகட்டும் என்று சொன்ன பொய். உங்களிடம் கற்றுக்கொண்டதில் எனக்குப் பயன்பட்டது அது ஒன்றுதான்.

ஆகஸ்டில் அண்ணன் எழுதிய வாளிக் கடிதம் மேசையில் கிடந்தது. "இருட்டுல வச்சுப் பாத்தீங்களா" என்று இவரிடம் கேட்டேன். "ஒனக்கு எதுக்கு அதெல்லாம், பிளஸ் டூ பாடமா" என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் இரண்டு குப்பியில் சாயத் தண்ணீர் எடுத்து, இவர் பொடியைப் போட்டு, ஒன்றைக் கறுப்புத் தாளால் சுற்றிவைத்து நானே பார்த்தேன். இரண்டும் ஒன்றுபோலத் தெளிந்தன. பிளஸ் டூ பாடம்தான். வெளிச்சத்தில் இருப்பதையும் இருட்டில் இருப்பதையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் எந்தப் பிள்ளைக்கும் நான் மதிப்பெண் போடுவதில்லை.

பிறகு கனிமொழியைத் தேடிப் போனேன். அவள் தலைப்பு மாறவில்லை, மாற்றியிருக்கிறார்கள். அவள் பதிவேட்டை எடுத்துக் காட்டினாள். இருட்டுச் சோதனையை அவள் முதல் நாளே செய்திருக்கிறாள். வெயிலில் தொண்ணூற்று நான்கு, இருட்டில் தொண்ணூற்றொன்று. உங்கள் ஒளி செய்த வேலை மூன்று. அந்தப் பக்கத்தின் மேல் இவர் கையெழுத்தில் "தேவையில்லை" என்று எழுதி அடித்திருக்கிறது. "சார் அத எடுத்துட சொன்னாங்க மேடம். கிழிச்சுப் போட எனக்கு மனசு வரல" என்றாள்.

இன்னொன்றும் சொன்னாள். உமிக்கரியைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தால், அகலத் தட்டில் விரல் உயரத் தண்ணீரில், முழுநாள் வெயிலில், சாயம் நிஜமாகவே உடைகிறது. சோடா போட்டாலும் திரும்பி வருவதில்லை. ஒரு நாளைக்கு ஒரு தட்டு. மெதுவான வேலை, இன்னும் இரண்டு வருடமாவது உழைக்க வேண்டும். இவருக்குத் துறைத்தலைவர் நாற்காலி அதற்கு முன்னால் வேண்டியிருந்தது. அவள் அதைச் செய்வாள். இவர் பெயர் இல்லாமல் செய்வாள்.

அண்ணா, அப்பா இறந்தபோது, "ஒன் நெலத்த என் நெலம் மாதிரி பாத்துக்கறேன்" என்று சொன்னீர்கள். உங்கள் நிலத்தை எப்படிப் பார்த்துக்கொண்டீர்கள் என்று சிட்டாவில் பார்த்தேன். நாற்று கருகியது என்று மாப்பிள்ளையைக் கரித்துக் கொட்டினீர்கள், உங்கள் இடத்திலிருந்து ஓடி வருகிற தண்ணீரைக் காட்டியே. என் வீட்டுக்காரர் படித்த திருடர். நீங்கள் என் நாற்றுக்காக அழுதுகொண்டே அதன் மேல் சாயம் விட்டவர். திட்டிக்கொண்டிருந்தவரை இருவரும் ஓரளவு மனிதராக இருந்தீர்கள். அன்புள்ள என்று எழுதத் தொடங்கிய பிறகுதான் எனக்கு அருவருப்பு வந்தது.

மேசையில் வைத்த தாளைப் படித்தேன். வங்கித் தாள், வரித் தாள் அத்தனையும் நான் படித்துத்தான் போட்டிருக்கிறேன். படிக்கும்போது இவர் பக்கத்தில் இருந்ததில்லை, அவ்வளவுதான்.

இன்று காலை ரயிலில் மயிலாடுதுறை வந்தேன். வண்டி குத்தாலத்தில் நின்றது. இறங்கவில்லை. பதிவேட்டின் நகல், உங்கள் ஒன்பது கடிதங்களின் நகல் (இவர் எழுதுகிற எதற்கும் படி எடுத்துக் கோப்பில் வைப்பவர்), சிட்டா எல்லாம் சேர்த்து மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் மனு கொடுத்தேன். கட்டுரை வெளியிட்டவர்களுக்கும் கனிமொழியும் நானும் கையெழுத்திட்டு எழுதிவிட்டோம். பட்டறையில் வேலை பார்க்கிற முப்பது குடும்பத்தை நினைத்து எனக்குத்தான் தூக்கமில்லை. நீங்கள் அவர்களை எழுத்தில் மட்டும் நினைத்தீர்கள். வெள்ளிக்கிழமை ரெமிஜியஸிடம் நேரில் பேச வருகிறேன். அன்றைக்கே என் நிலத்தையும் என் பொறுப்பில் எடுத்துக்கொள்கிறேன். மருதையன் கூட வருவான். நீங்கள் இருவரும் வர வேண்டாம்.

மனுவை வாங்கிய அம்மா பெயர்களைப் படித்துவிட்டு, "நாகநாதன், தமிழரசன், இவங்க ரெண்டு பேரும் உங்களுக்கு உறவாம்மா? இருந்தா அதையும் எழுதணும்" என்றார். பேனாவை வாங்கி, முதல் பெயருக்குப் பக்கத்தில் அண்ணன் என்றும் இரண்டாவதற்குப் பக்கத்தில் கணவர் என்றும் எழுதிக் கொடுத்தேன். அவர் இரண்டு முறை படித்தார். என்னை உட்காரச் சொல்லிவிட்டு, உள்ளே போய்க் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

ஆனந்தவல்லி